எழுதியவர் ஒன்று நினைக்க, புகழ் வேறொன்றைத் தேடிப்போன கதை: மேற்கத்திய செவ்வியல் இசைக்கு ஓர் எளிய அறிமுகம்

டைட்டன் வாட்ச் விளம்பரத்தில் வரும் இசையை நம் ஊரில் கேட்காதவர்கள் குறைவு. மொசார்ட்டின் 25ஆவது சிம்பொனியின் முதல் பகுதியிலிருந்து எடுத்தது அது. 1773இல், இன்றைய ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் நகரில், அதை எழுதி முடித்தபோது அவருக்கு வயது 17. பதினேழு வயதில் சிம்பொனியா என்று வியப்பது நியாயம்தான். எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு வேறு. ஓர் இசையமைப்பாளர் எழுதிக் குவித்ததில் எது பிழைக்கும், எது ஊர் முழுக்க ஒலிக்கும், எது அலமாரியில் தூங்கிப்போகும் என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் அவராக இருப்பதில்லை. நாம் அடிக்கடி கேட்கும் மேற்கத்திய செவ்வியல் துண்டுகள் பலவற்றை எடுத்து, அது எப்படிப் பிரபலமானது என்று விசாரித்தால், எழுதியவர் ஓர் ஓரமாக நிற்கிறார், நடுவில் பதிப்பாளர்கள், நூலகர்கள், ரெக்கார்டு கம்பெனிகள், சில சமயம் வெறும் அதிர்ஷ்டம்.

இது புரிய ஒரு அடிப்படை விஷயம் தெரிந்தால் போதும். அந்த மரபில் இசை என்பது முதலில் தாள். எந்த வாத்தியம், எந்த நொடியில், எந்த ஸ்வரத்தை, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்று அனேகமாக எல்லாவற்றையும் இசையமைப்பாளர் எழுதி வைத்துவிடுகிறார். நம் பக்கத்தில் தியாகராஜரின் கிருதிகள் வந்து சேர்ந்தது முதன்மையாகச் சீடர்கள் வழியாக, வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சிஷ்ய பரம்பரைகள் பாடிப் பாடிக் காப்பாற்றியதால். பாடும் சங்கிலி அறுந்தால் பாட்டு போய்விடும். அங்கே சங்கிலி அறுந்தாலும் தாள் எங்காவது ஒரு மூலையில் இருந்தால் போதும், இருநூறு வருடம் கழித்துக்கூட ஒருவர் எடுத்துத் தூசி தட்டி வாசித்துவிடலாம். தாள் எரிந்தாலோ தொலைந்தாலோ கதை முடிந்தது.

பெயர்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிம்பொனி என்றால் முழு இசைக்குழுவுக்காக எழுதியது, பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். கன்செர்ட்டோ என்றால் ஒரு வயலினோ பியானோவோ முன்னால் நின்று வாசிக்க, பின்னால் குழு சேர்ந்து வாசிப்பது. சொனாட்டா பெரும்பாலும் தனி பியானோவுக்கு, அல்லது ஒரு வாத்தியமும் பியானோவும் சேர்ந்து வாசிக்க. இவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்கள்தான் ஆளைக் குழப்புகின்றன. ஓபஸ் என்று வந்தால் அது பொதுவாக அச்சில் வந்த வரிசை, எழுதிய வரிசை இல்லை. அதனால்தான் ஷோப்பானின் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ முதலாவதற்கு முன்னால் எழுதப்பட்டது, பீத்தோவனுடையதும் அப்படியே. மொசார்ட் பெயருக்குப் பக்கத்தில் வரும் 'கே' என்ற எழுத்து கோஷெல் என்பவருடையது. லுட்விக் ஃபோன் கோஷெல் சட்டம் படித்தவர், செடிகளையும் கனிமங்களையும் ஆராய்ந்தவர், தொழில்முறை இசைக்கலைஞரே அல்ல. மொசார்ட் எழுதியது எதுவும் சிதறிப்போய்விடக் கூடாது என்று எல்லாவற்றையும் தேடி, கால வரிசையில் அடுக்கி, 1862இல் பட்டியல் வெளியிட்டார். மொசார்ட் இறந்து அப்போது 71 வருடம் ஆகியிருந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதியவற்றுக்கு வொல்ஃப்காங் ஷ்மீடர் முழுப் பட்டியல் வெளியிட்டது 1950இல், பாக் இறந்து சரியாக 200 வருடம் கழித்து. இந்தப் பட்டியல் போட்டவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கைதட்டல் கிடைக்காத வேலை அது.

பாக் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவரளவுக்குத் தாளை நம்பிப் பிழைத்தவர் குறைவு. 1721 மார்ச் 24 தேதியிட்டு, பிராண்டன்பர்க் பிரபு கிறிஸ்டியன் லுட்விக்குக்கு அவர் ஆறு கன்செர்ட்டோக்களைத் தன் கையாலேயே அழகாகப் படியெடுத்து அனுப்பினார். கூடவே மிகப் பணிவான ஒரு கடிதம். வேலை கேட்கும் மறைமுக விண்ணப்பம் அது என்று பலர் கருதுகிறார்கள். வேலை கிடைக்கவில்லை. பிரபுவின் வீட்டில் அவற்றை வாசித்ததற்கான தடயமும் இல்லை. 1734இல் பிரபு இறந்து, சொத்துக்களைப் பிரித்தபோது அந்த ஆறு கன்செர்ட்டோக்களுக்கும் சேர்த்துப் போட்ட மதிப்பு 24 குரோஷன், அதாவது ஒன்றுக்கு நான்கு சில்லறைக் காசு. அப்புறம் அவை பெர்லினில் தூங்கின. 1849இல் ஸீக்ஃப்ரீட் டேன் என்ற நூலகர் கண்டெடுத்தார், அடுத்த வருடம் அச்சில் வந்தன. இன்று பிராண்டன்பர்க் கன்செர்ட்டோக்கள் தெரியாத இசை மாணவர் கிடையாது. அதோடு நிற்கவில்லை, 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் இசைப் பகுதியின் முதல் உருப்படியே இரண்டாவது பிராண்டன்பர்க் கன்செர்ட்டோவின் முதல் பகுதிதான். (அதே தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரலும் இருக்கிறது.) நான்கு குரோஷன் விலை போட்ட இசை சூரிய மண்டலத்தின் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

பாக்கை உலகம் முழுக்க மறந்துவிட்டது என்று சிலர் எழுதுவது சரியில்லை. பியானோ கற்றவர்கள் அவருடைய பயிற்சி நூல்களை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள், பீத்தோவனே சிறுவயதில் வாசித்தார். காணாமல் போனது அவருடைய பெரிய கோரஸ் படைப்புகள். 1727இல் லைப்சிக் தேவாலயத்தில் முதலில் ஒலித்த 'மத்தேயு பாடுகள்', அதாவது இயேசு பட்ட துன்பங்களைச் சொல்லும் இசை, அவர் இறந்த பிறகு மேடை ஏறவே இல்லை. பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஃபீலிக்ஸ் மெண்டல்சன் சிறுவனாக இருந்தபோது அவருடைய பாட்டி அதன் பிரதி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பையன் அதை விடவில்லை. 1829 மார்ச் 11 அன்று, 20 வயதில், பெர்லினில் அதை நடத்திக் காட்டினார், சில பகுதிகளை வெட்டித்தான் நடத்தினார், ஆனாலும் அன்றைக்குத் தொடங்கியதுதான் பாக்கின் இரண்டாவது வாழ்க்கை. ஒரு பேரனுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யோசிக்கும் பாட்டிகள் இதைக் கவனிக்கலாம்.

செல்லோ (வயலின் குடும்பத்தில் பெரிய, கனத்த குரல் வாத்தியம்) கதை இன்னும் எளிமையானது. பாப்லோ கசால்ஸ் என்ற 13 வயதுப் பையன், 1890இல், அப்பாவோடு பார்சிலோனாவின் ஒரு பழைய இசைக் கடையில் தாள்களைப் புரட்டுகிறான், தனி செல்லோவுக்கு பாக் எழுதிய ஆறு தொகுப்புகள் கையில் கிடைக்கின்றன. அச்சில் இருந்தவைதான், ஆனால் அவற்றைப் பயிற்சிப் பாடங்களாகத்தான் எல்லோரும் பார்த்தார்கள், மேடையில் முழுசாக வாசிக்கும் வழக்கமில்லை. கசால்ஸ் பன்னிரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்துவிட்டுத்தான் மேடையில் வாசித்தார், 1936 முதல் 1939 வரை ஆறையும் பதிவு செய்தார். இன்று செல்லோ என்றாலே நினைவுக்கு வருவது அந்த முதல் தொகுப்பின் முதல் நிமிடம்தான். பாக் கைப்பட எழுதிய மூலப் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள், அவர் மனைவி ஆனா மக்டலேனா எடுத்து வைத்த படிதான் முக்கிய ஆதாரம்.

விவால்டி விஷயம் இதைவிடச் சினிமாத்தனமானது. 'நான்கு பருவங்கள்' இன்று ஓட்டல் வரவேற்பறை முதல் போன் காத்திருப்பு இசை வரை எங்கும் இருக்கிறது. எழுதியவர் வெனிஸ் நகரத்துப் பாதிரியார், செம்பட்டைத் தலைமுடி என்பதால் சிவப்புப் பாதிரியார் என்று பெயர், ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கான ஓர் இல்லத்தில் வயலின் சொல்லிக்கொடுத்தவர், அந்தப் பெண்களின் இசைக்குழு ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியது. 1725இல் ஆம்ஸ்டர்டாமில் இந்த நான்கு கன்செர்ட்டோக்களும் அச்சானபோது ஒவ்வொன்றோடும் ஒரு கவிதையும் சேர்ந்து வந்தது. வசந்தத்தின் மெதுவான பகுதியில் ஓர் இடையன் தூங்குகிறான், அவன் நாய் குரைக்கிறது, அந்தக் குரைப்பு வயலினைவிடச் சற்றே பெரிய வியோலாவில், ஒரே மாதிரி இரண்டிரண்டு தட்டாக, அந்தப் பகுதி முழுக்கக் கேட்கும். தெரிந்துகொண்டு கேட்டால் காதை விட்டுப் போகாது. விவால்டி 1741இல் வியன்னாவில் ஏழையாக இறந்தார், ஊர் மறந்துவிட்டது, இசை வரலாற்றில் பாக் படித்துப் பயன்படுத்திய ஒரு வயலின்காரர் என்று ஒரு வரியில் வந்துபோனார். 1926இல் இத்தாலியின் வடக்கே ஒரு துறவியர் பள்ளி, கட்டடப் பழுது பார்க்கப் பணம் இல்லாமல், தன்னிடம் இருந்த பழைய இசைத் தாள்களை விற்க நினைத்து, விலை என்ன பெறும் என்று தூரின் தேசிய நூலகத்தைக் கேட்டது. பெட்டிகளைத் திறந்து பார்த்த பேராசிரியர் ஆல்பர்ட்டோ ஜென்டிலி திகைத்துப் போனார். உள்ளே கட்டுக்கட்டாக விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள். நூலகத்திடம் வாங்கப் பணமில்லை. குழந்தையை இழந்திருந்த ரொபெர்ட்டோ ஃபோவா என்பவர் அந்தக் குழந்தையின் நினைவாக வாங்கிக் கொடுத்தார். பிறகு பார்த்தால் அது பாதித் தொகுப்புதான், மற்றப் பாதி வேறொரு குடும்பத்திடம். அதையும் தேடிப்பிடித்து, தானும் ஒரு மகனை இழந்திருந்த ஃபிலிப்போ ஜோர்டானோ 1930இல் வாங்கிக் கொடுத்தார். இன்றும் அந்தத் தொகுதிகள் தூரினில் ஃபோவா, ஜோர்டானோ என்ற பெயர்களில்தான் இருக்கின்றன. 'நான்கு பருவங்கள்' அச்சில் வந்தது, அது இந்தப் பெட்டிகளிலிருந்து வரவில்லைதான், ஆனால் விவால்டி என்று ஒருவர் இருந்தார் என்று உலகம் திரும்பிப் பார்க்க இதுவே காரணம். 1947 கடைசியில் லூயிஸ் காஃப்மன் என்ற வயலின் கலைஞர் நியூயார்க்கில் செய்த 'நான்கு பருவங்கள்' பதிவு வந்த பிறகு அதன் புகழ் நிற்கவே இல்லை.

திருமண மேடைகளில் வாசிக்கப்படும் பாக்கெல்பெல்லின் 'கேனன்' கூட அப்படித்தான். அவர் 1706இல் இறந்தவர், அந்தத் தாள் அச்சேறியது 1919இல், பிரபலமானது 1968இல் பிரான்சின் ஜான்-பிரான்சுவா பய்யார் அதை மெதுவாகவும் இழைவாகவும் பதிவு செய்த பிறகு. கேனன் என்பது ஓர் அமைப்பின் பெயர்: ஒரு வயலின் தொடங்கும் மெட்டை இரண்டாவது வயலின் சற்று நேரம் கழித்து அப்படியே வாசிக்கும், அதைத் தொட்டு மூன்றாவது. கீழே செல்லோ எட்டே எட்டு ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப 28 முறை வாசிக்கிறது. செல்லோ வாசிப்பவர்கள் இதைப் பற்றிப் புலம்புவது உலகப் பிரசித்தம்.

சரி, தாள் பிழைத்தது, அச்சும் ஆனது. அப்புறம் எது ஹிட் ஆகும்? இங்கேதான் இசையமைப்பாளர்களே கோபப்படுகிறார்கள்.

காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒலிக்கும், தைவானில் குப்பை வண்டி வந்தால் ஒலிக்கும் 'ஃபூர் எலீஸ்' (எலீஸுக்காக) பீத்தோவன் தன் வாழ்நாளில் வெளியிடாத துண்டு. 1827இல் அவர் இறந்து, 40 வருடம் கழித்து, லுட்விக் நோல் என்ற ஆய்வாளர் தான் பார்த்த ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்து 1867இல் அச்சிட்டார். அந்தப் பிரதி பிறகு காணாமலே போய்விட்டது. அந்த எலீஸ் யார் என்பதற்கு இன்றுவரை உறுதியான பதில் கிடையாது, நோல் பெயரைத் தவறாகப் படித்திருப்பார், உண்மையில் தெரேஸ் என்று இருந்திருக்கும் என்பது ஒரு கட்சி. அதேபோல 'மூன்லைட் சொனாட்டா'. 1801இல் எழுதிய பீத்தோவன் அதில் நிலவைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை, கற்பனைப் போக்கில் அமைந்த சொனாட்டா என்று மட்டும் குறித்தார். லுட்விக் ரெல்ஸ்டாப் என்ற எழுத்தாளர் முதல் பகுதியைக் கேட்டு லூசர்ன் ஏரியின் நிலவொளியை நினைத்துக்கொண்டார், பீத்தோவன் இறந்த பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என் கருத்தில் இந்தப் பெயர் அந்தச் சொனாட்டாவுக்குக் கெடுதல்தான் செய்திருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் முதல் பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள், மூன்றாவது பகுதியில் இரண்டு கைகளும் பியானோவைப் போட்டு அடித்துப் புயலாக ஓடுகின்றன, அதை நிலவு என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோரும் இதையே பேசுகிறார்கள், இதைவிட நல்லது நான் எழுதியிருக்கிறேன் என்று அவர் அலுத்துக்கொண்டதாக அவருடைய மாணவர் செர்னி சொல்லியிருக்கிறார்.

சாய்கோவ்ஸ்கி '1812' எழுதியபோதே, அது சத்தமாக இருக்கும், ஆனால் அன்போ இதமோ இல்லாமல் எழுதுகிறேன், கலை மதிப்பு இருக்காது என்று தன் புரவலர் நதேஷ்தா ஃபோன் மெக்குக்குக் கடிதம் எழுதினார். (அந்த அம்மையார் பதின்மூன்று வருடத்துக்கு மேல் அவருக்குப் பணம் அனுப்பினார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய் வந்தன, சந்திப்பதே இல்லை என்பது அவர்களுடைய ஒப்பந்தம்.) நெப்போலியனை ரஷ்யா விரட்டியதைக் கொண்டாடும் அந்த இசைக்கு இப்போது பீரங்கி வெடிப்பது அமெரிக்காவில், ஜூலை 4 சுதந்திர தினத்தன்று. 1974இல் பாஸ்டனில் தொடங்கிய வழக்கம். ராக்மனினாவ் 19 வயதில் எழுதிய ஒரு சிறு பியானோ துண்டைப் பதிப்பாளருக்கு 40 ரூபிளுக்குக் கொடுத்தார், ரஷ்யா அப்போது சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தில் இல்லாததால் வெளிநாட்டு விற்பனையில் ஒரு காசும் வரவில்லை. அது உலகம் சுற்றியது, அவர் எங்கே கச்சேரி செய்தாலும் கடைசியில் அதை வாசிக்காமல் ஜனங்கள் விடவில்லை, ஆயுள் முழுக்க வாசித்தார், வெறுத்துக்கொண்டே வாசித்தார். ராவெல் 1928இல் நடனக் கலைஞர் ஈடா ரூபின்ஸ்டைனுக்காக எழுதிய 'பொலேரோ' கால் மணி நேரத்துக்கு ஒரே தாளம், ஒரே மெட்டு, வாத்தியங்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். நான் எழுதிய ஒரே மாஸ்டர்பீஸ் இதுதான், ஆனால் இதில் இசையே இல்லை என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே மெட்டு வாத்தியம் மாறும்போது எப்படி வேறு நிறம் எடுக்கிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் புதிதாகக் கேட்பவருக்குக் கிடையாது. சான்-சான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 1886இல் நண்பர்களுக்காக விளையாட்டாக எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வை, 'அன்னம்' என்ற ஒரு பகுதியைத் தவிர, தான் உயிரோடு இருக்கும்வரை அச்சிடக் கூடாது என்று தடுத்துவிட்டார், கனமான இசையமைப்பாளர் என்ற பெயர் கெட்டுவிடுமே என்று. 1921இல் இறந்தார், 1922இல் அச்சில் வந்தது. ஆமைகள் வேகமான கான்-கான் நடன மெட்டைப் படுமெதுவாக வாசிப்பதும், விலங்குகள் வரிசையில் பியானோ பழகுபவர்களையும் சேர்த்திருப்பதும் குழந்தைகளுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு சிக்கல், யார் பெயரில் என்பது. மொசார்ட்டின் கடைசிப் படைப்பான 'ரெக்வியம்' இறந்தவருக்கான திருப்பலி இசை. அதைக் கேட்டு ஆள் அனுப்பியவர் ஃபிரான்ஸ் ஃபோன் வால்செக் என்ற பிரபு, 1791 பிப்ரவரியில் இறந்த மனைவியின் நினைவாக, தானே எழுதியது என்று சொல்லிக்கொள்வதற்காக ரகசியமாகக் கேட்டார். டிசம்பரில் மொசார்ட் 35 வயதில் இறந்துவிட்டார், மீதியைச் சீடர் சூஸ்மாயர் முடித்தார். சாலியேரி விஷம் வைத்தார் என்ற கதையை யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மொசார்ட்டின் இளைய மகனுக்கு இசை சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் அதே சாலியேரி. சோகக் காட்சிக்கெல்லாம் போடும் 'அல்பினோனியின் அடாஜியோ' (அடாஜியோ என்றால் மெதுவான பகுதி) வேறு மாதிரி. 1751இல் இறந்த அல்பினோனியின் ஒரு துணுக்கிலிருந்து உருவாக்கியதாகச் சொல்லி 1958இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசொட்டோ என்ற இத்தாலிய ஆய்வாளர். அந்த இசை அவருடையதுதான் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு.

மேலே சொன்ன மெண்டல்சனுக்கு ஃபேனி என்று ஓர் அக்கா. தம்பிக்குக் கிடைத்த அதே ஆசிரியர்கள், அதே பயிற்சி, ஆனால் உனக்கு இசை ஒரு அலங்காரமாக மட்டும் இருக்கட்டும் என்று ஃபேனிக்கு 14 வயதாக இருக்கும்போதே அப்பா கடிதம் எழுதிவிட்டார். ஆனாலும் ஃபேனி 450க்கும் மேற்பட்ட படைப்புகள் எழுதினார். அவருடைய சில பாட்டுகள் தம்பி பெயரில் அச்சாயின. 1842இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா ராணி, ஃபீலிக்ஸின் பாட்டு என்று நினைத்து ஆசையாக ஒரு பாட்டைப் பாட, அது என் அக்கா எழுதியது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று, அதை வீட்டுக்குக் கடிதத்தில் எழுதியும் வைத்தார். 1828இல் ஃபேனி எழுதிய 'ஈஸ்டர் சொனாட்டா'வின் பிரதி 1970இல் பாரிஸில் கிடைத்தபோது, மேலே 'எஃப். மெண்டல்சன்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஃபீலிக்ஸ் பெயரிலேயே பதிவும் செய்தார்கள். ஏஞ்சலா மேஸ் கிறிஸ்டியன் என்ற ஆய்வாளர் 2010இல் பிரதியை நேரில் பார்த்து, கையெழுத்தையும், ஃபேனியின் இன்னொரு கைப்பிரதியிலிருந்து விடுபட்டிருந்த பக்க எண்களோடு இது சரியாகப் பொருந்துவதையும் காட்டி, அது அக்காவுடையது என்று நிறுவினார். இப்போது அவர் பெயரிலேயே பதிவுகள் கிடைக்கின்றன. பழைய பதிவு கண்ணில் பட்டால் தம்பி பெயர்தான் இருக்கும், இசை ஒன்றுதான்.